மேம்பட்ட அமைப்புகளில் எந்த எண்ணைத் தொட்டால் பின்னறை வரை வைஃபை வரும்?

கேள்வி: கோண்டாவில் வாசகர், ஜூன் 2
ஃபைபர் இணைப்பு வந்து மூன்று மாதம் ஆகிறது. விறாந்தையில், ரவுட்டருக்குப் பக்கத்தில் 90 மெகாபிட் காட்டுகிறது. பின்னறையில் 4. ரவுட்டரின் மேம்பட்ட அமைப்புகள் பக்கத்தில் பீக்கன் இடைவெளி, ஆர்.டி.எஸ். வரம்பு, சனல் அகலம், ஒலிபரப்பு வலு என்று பல எண்கள் இருக்கின்றன. தெரிந்த ஒருவர் பீக்கனை 50 ஆக்கி, ஆர்.டி.எஸ்ஸை 256 ஆக்கி, அகலத்தை 40க்கு ஏற்றி, வலுவை முழுதாக வைக்கச் சொல்கிறார். வேகம் இரட்டிக்குமாம். செய்யலாமா?

ஜூன் 2, இரவு
முதல் இரண்டையும் தொடாதீர்கள். மற்ற இரண்டும் சரி. வைஃபை பேசும் இரண்டு அலைவரிசைகளில் (2.4, 5 கிகாஹேர்ட்ஸ்) தூரம் போகக்கூடிய 2.4இல் அகலம் 40 மெகாஹேர்ட்ஸ், வலு முழுது என்று நானும் ஒரு வருடமாக அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

பீக்கன் என்பது, "நான் இங்கே இருக்கிறேன், என் பெயர் இது" என்று ரவுட்டர் ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும் அறிவிப்பு. 100 என்று போட்டிருந்தால் ஏறத்தாழ 102 மில்லிசெக்கனுக்கு ஒரு தடவை, அதாவது செக்கனுக்குப் பத்துத் தடவை சொல்கிறது. 50 ஆக்கினால் இருபது தடவை சொல்லும். இரட்டிப்பது அறிவிப்புத்தான், வேகம் அல்ல. அதிலும் இந்த அறிவிப்பு ஆகக் குறைந்த வேகத்தில் போகிறது. 1999இல் வந்த 802.11பி என்ற பழைய வைஃபைத் தரத்துக் கருவிக்கும் கேட்கவேண்டும் என்று பல ரவுட்டர்கள் இன்னும் 1 மெகாபிட்டில்தான் அனுப்புகின்றன. அறிவிப்பு 300 பைட் நீளம் என்று வைத்துக்கொண்டால் ஒன்றுக்கு 2.4 மில்லிசெக்கன், பத்துக்கு 24. ஒழுங்கையில் ஆறு வீடுகள் ஒரே சனலில், அதாவது அலைவரிசையின் ஒரே துண்டில், இருந்தால் 144. ஒவ்வொரு செக்கனிலும் ஏழில் ஒரு பங்கு பெயர் சொல்வதிலேயே போய்விடுகிறது. அதை இரண்டு மடங்காக்கச் சொல்கிறார் உங்களுக்குத் தெரிந்தவர்.

ஆர்.டி.எஸ்ஸில் 2347 என்று இருக்கும். அது சாதாரணப் பொதி (ஒரு தடவையில் அனுப்பும் தரவுத் துண்டு) எதையும்விடப் பெரிய எண் என்பதால், அந்த ஏற்பாடு நடைமுறையில் அணைந்திருக்கிறது. 256 ஆக்கினால் அதைவிடப் பெரிய ஒவ்வொரு பொதியும் புறப்படுமுன் "அனுப்பலாமா" என்று கேட்டு, "அனுப்பு" என்ற பதில் வரும்வரை காத்திருக்கவேண்டும். இரண்டு கருவிகள் ஒன்றையொன்று கேட்கமுடியாத தூரத்தில் இருந்து ஒரே நேரத்தில் ரவுட்டரை நோக்கிப் பேசி மோதிக்கொள்ளும் இடத்தில் இது உதவும். நான் 500 வைத்து இரண்டு நாள் பார்த்தேன். ஒரு மாற்றமும் இல்லை, 2347க்கே திரும்பிவிட்டேன்.

ஜூன் 3
நேற்றுச் சொல்ல மறந்தது. எதையும் மாற்றுமுன் மடிக்கணினியைக் கம்பியால் ரவுட்டரில் செருகி வேகத்தை அளந்து எழுதி வையுங்கள். கம்பியிலேயே 90 வராவிட்டால் குறை வைஃபையில் இல்லை. அமைப்புப் பக்கத்தின் இப்போதைய நிலையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு நாளைக்கு ஓர் எண்ணை மட்டும் மாற்றுங்கள்.

ஜூன் 4
உங்கள் கேள்வியால் என் வீட்டையும் ஒழுங்காக அளக்கத் தோன்றியது. நான் மாலையில் ஐரோப்பாவிலுள்ள பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். இரவு எட்டு மணி வகுப்பில் என் குரல் வெட்டுப்பட்டால், "ள"வுக்கும் "ழ"வுக்கும் வேறுபாடு காட்டிக்கொண்டிருக்கும் அந்த நிமிடம் வீணாகிவிடும். அந்தப் பிள்ளைக்கு அந்த ஒலி வேறெங்கும் கேட்கக் கிடைக்காது. அதனால்தான் இந்த எண்களோடு இவ்வளவு மல்லுக்கட்டுகிறேன்.

வீடு கொக்குவிலில், பாட்டனார் கட்டிய பழைய நாற்சார் வீடு. சுண்ணாம்புக்கல்லும் சாந்தும் சேர்த்துக் கட்டிய, ஒன்றரை அடி தடித்த சுவர். ஃபைபர் பூட்ட வந்தவர்கள் வாசலுக்கு ஆகக் கிட்டிய மூலையில் ரவுட்டரை மாட்டிவிட்டுப் போனார்கள். போனில் சமிக்ஞை அளக்கும் செயலியை வைத்துக்கொண்டு அறை அறையாக நடந்தேன். ரவுட்டர் இருக்கும் விறாந்தையில் -48 டி.பி.எம். (சமிக்ஞையின் வலு; பூச்சியத்திலிருந்து தள்ளிப் போகப் போக நலிந்தது). ஒரு சுவர் தாண்டிச் சாமியறையில் -61. பதின்மூன்று குறைந்தால் வலு இருபதில் ஒரு பங்காகிவிட்டது என்று பொருள். முற்றம் திறந்த வெளி என்பதால் அங்கே பெரிய இழப்பில்லை. நான் வகுப்பெடுக்கும் பின்னறையில் -79. 5 கிகாஹேர்ட்ஸ் அலை அந்த அறையை எட்டவேயில்லை.

அம்மாவின் இரும்பு அலுமாரி ரவுட்டருக்கும் முற்றத்துக்கும் நடுவே நிற்கிறது. அதை அசைக்க யாராலும் முடியாது. ரவுட்டரை நான்கடி தள்ளி, யன்னல் விளிம்பில் வைத்தேன். பின்னறையில் -70 வந்தது. ஒன்பது கூடியதென்றால் வலு ஏறத்தாழ எட்டு மடங்கு. எந்த எண்ணையும் தொடாமல் கிடைத்தது இது.

ஜூன் 6
2ஆம் திகதி நான் எழுதியதில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன். அகலம் 40 பிழை. முழு வலுவும் பெரும்பாலும் பிழை. என்னை நம்பி மாற்றியவர்கள் தயவுசெய்து திருத்திக்கொள்ளுங்கள்.

பக்கத்து வீட்டு மாமியின் மகன் இந்த வருடம் உயர்தரப் பரீட்சை எழுதுகிறான். நேற்று மதிலடியில் நின்று, "ரீச்சர், ஏழரை மணியானால் எங்கள் வைஃபை படுத்துவிடுகிறது, உங்களுக்கும் அப்படியா?" என்று கேட்டான். ஏழரைக்குத்தான் நான் வகுப்புக்கு ஆயத்தமாகிறேன். அவனுடைய போனில் சனல் வரைபடத்தைத் திறந்து பார்த்தோம். ஒவ்வொரு வீட்டின் வைஃபையும் ஒரு கூடாரம் போலத் தெரிந்தது. ஆக அகலமான கூடாரம் என்னுடையது. அவர்களுடையதன் மேல் முழுவதுமாகப் படர்ந்திருந்தது.

2.4 கிகாஹேர்ட்ஸில் இங்கே 13 சனல்கள் இருக்கின்றன. ஆனால் அடுத்தடுத்த சனல்களுக்கிடையே 5 மெகாஹேர்ட்ஸ்தான் இடைவெளி. ஒரு ரவுட்டருக்குத் தேவை 20. அதனால் ஒன்றோடொன்று முட்டாமல் நிற்கக்கூடியவை மூன்றுதான்: 1, 6, 11. அகலத்தை 40 ஆக்கினால் அந்த மூன்று இடத்தில் இரண்டை ஒரு வீடே பிடித்துக்கொள்கிறது. ஒரு வருடமாக நான் செய்தது அதுதான். விண்ணலையில் ஒருவர் பேசும்போது மற்றவர்கள் பொறுத்திருக்கவேண்டும் என்பதே வைஃபையின் அடிப்படை விதி. என் வகுப்பு நடக்கும்போது அந்தப் பிள்ளை தன் பௌதிகவியல் காணொளிக்காகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

3, 4, 8 போன்ற இடைச் சனல்களையும் தவிருங்கள். ஒரே சனலில் இருக்கும் இரண்டு ரவுட்டர்கள் ஒன்றின் பேச்சை மற்றது விளங்கிக்கொண்டு முறை வைத்துப் பேசும். அரைகுறையாக முட்டும் சனல்களில் ஒன்றுக்கு மற்றது வெறும் இரைச்சல்.

இனி வலு. பல வீட்டு ரவுட்டர்கள் 2.4இல் 100 மில்லிவாட் வரை ஒலிபரப்பும். கையிலிருக்கும் போன் பெரும்பாலும் அதைவிடக் குறைந்த வலுவில்தான் பேசும். ரவுட்டரின் குரல் போனுக்கு எட்டும். போனின் பதில் ரவுட்டருக்கு எட்டாது. திரையில் கோடுகள் நிறைந்திருக்க, பக்கம் மட்டும் திறக்காமல் சுழலும். முழு வலுவால் எனக்குக் கிடைத்தது அந்தப் பொய்க் கோடுகளும், மூன்று வீடு தள்ளியுள்ளவர்களுக்குக் கொடுத்த இரைச்சலும்தான். இப்போது நடுத்தரத்தில் வைத்திருக்கிறேன்.

நாட்டுத் தெரிவை வேறு நாட்டுக்கு மாற்றினால் வலு கூடும் என்றும் ஒரு யோசனை சுற்றுகிறது. செய்யாதீர்கள். எந்த அலைவரிசையில் எவ்வளவு வலு என்பதற்கு இங்கே விதி இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்ள இலங்கைத் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு இருக்கிறது.

ஜூன் 7
அகலம் 20, சனல் 1, வலு நடுத்தரம். விறாந்தையில் வேகம் 80இலிருந்து 55க்கு இறங்கியது. பின்னறையில் 6இலிருந்து 21க்கு ஏறியது. விறாந்தையில் இருந்து யாரும் வகுப்பெடுப்பதில்லை.

ஜூன் 9
மாமி வீட்டுக்கு 6, எங்களுக்கு 1, எதிர்வீட்டுக்கு 11 என்று பேசி முடித்தோம். நான்காவது வீடு என்ன செய்வது என்று வந்தபோது, வெறுமையாகக் கிடந்த 13ஐச் சொன்னேன். அதில் இரண்டு பிழைகள். முதலாவது, 13ம் 11ம் முட்டும்; 1, 5, 9, 13 என்று எல்லோரும் சேர்ந்து மாறினால்தான் அது ஓரளவுக்குச் சரிவரும். இரண்டாவதை அவர்கள் வீட்டுக்குக் கனடாவிலிருந்து வந்திருக்கும் சித்தப்பா கண்டுபிடித்தார். வீட்டில் எல்லோருக்கும் தெரியும் வைஃபை அவருடைய போனில் மட்டும் தெரியவில்லை. கடவுச்சொல்லை மாற்றிப் பார்த்தார்கள், போனை அணைத்து எழுப்பிப் பார்த்தார்கள், மூன்று நாள் அவர் தன் பிள்ளைகளோடு பேச ஒழுங்கை முனைக்கு நடந்திருக்கிறார். வட அமெரிக்காவில் புழங்குவது 1 முதல் 11 வரைதான். அங்கே விற்கும் பல கருவிகள் 12, 13ஐத் தேடுவதில்லை. வெளிநாட்டு உறவினர் வந்துபோகாத வீடு யாழ்ப்பாணத்தில் ஏது? 13 வேண்டாம். அவர்கள் வீட்டை 1க்கு மாற்றினோம். எங்கள் சனல்தான், ஆனால் தூரம் இருக்கிறது. இருவரும் முறை வைத்துப் பேசிக்கொள்ளலாம்.

ஜூன் 11
எட்டுப் பத்துக்கு ஒவ்வொரு நாளும் குரல் வெட்டுப்படுவதற்குக் காரணம் தெரிந்தது. அப்பாவுக்குப் பால் சூடாக்கும் நேரம் அது.

நேற்று வகுப்பில்லாத நாள். மடிக்கணினியில் ரவுட்டருக்கு இடைவிடாமல் பிங், அதாவது பதில் வர எத்தனை மில்லிசெக்கன் என்று காட்டும் சோதனைப் பொதி, அனுப்பிக்கொண்டு பின்னறையில் இருந்தேன். 4, 3, 5, 4 என்று வரிகள் இறங்கிக்கொண்டிருந்தன. குசினியில் மைக்ரோவேவ் அடுப்பின் கதவு அடைபடும் சத்தம். அடுத்த வரி 212. அதற்கடுத்து 640. பிறகு பதிலே இல்லாமல் மூன்று வரிகள். ஒன்றரை நிமிடம் கழித்து அடுப்பு மணியடித்தது. அந்த மணி என் காதில் அடங்குமுன் திரையில் மீண்டும் 4.

மைக்ரோவேவ் அடுப்பு வேலை செய்வது 2.45 கிகாஹேர்ட்ஸில். கதவோரம் கசிவது உடம்புக்குத் தீங்கில்லாத அளவுதான் என்றாலும், சுவர் தாண்டி இளைத்துப்போன வைஃபைக்கு அது இடி. சாதாரண வீட்டு அடுப்பு மின்சாரத்தின் ஒவ்வொரு சுற்றிலும் பாதி நேரமே அலை எழுப்பும். இங்கே 50 சுற்று என்பதால் 10 மில்லிசெக்கன் இரைச்சல், 10 மில்லிசெக்கன் அமைதி. அந்த இடைவெளியில் சில பொதிகள் தப்பிவிடும். அதனால்தான் இணைப்பு முழுதாக அறாமல் குரல் மட்டும் துண்டு துண்டாகிறது. இதைத் தீர்க்கும் எண் எந்த அமைப்புப் பக்கத்திலும் இல்லை. அம்மா இப்போது ஏழரைக்கே சாதாரண அடுப்பில் பாலைக் காய்ச்சிச் சுடுதண்ணீர்ப் போத்தலில் ஊற்றி வைத்துவிடுகிறார். அதுவே ருசி என்கிறார் அப்பா.

ஜூன் 14
சுன்னாகத்திலிருந்து ஒருவர், டபிள்யூ.எம்.எம். என்பதை அணைத்தால் வேகம் கூடுமா என்று கேட்கிறார். கூடாது, விழுந்துவிடும். குரல், காணொளி, சாதாரணம், பின்னணி என்று பொதிகளை நான்கு வரிசையாகப் பிரித்துக் குரலை முன்னே விடுவது அதுதான். 802.11என் என்ற வைஃபைத் தரம் முதல் வந்த புதிய வேகங்களுக்கெல்லாம் அது கட்டாயம். அணைத்தால் 54 மெகாபிட்டுக்கு மேல் ஏறாது. பாதுகாப்பில் டி.கே.ஐ.பி. என்ற பழைய குறியாக்க முறை தெரிவாகி இருந்தாலும் அதே 54தான். டபிள்யூ.பி.ஏ.2 ஏ.இ.எஸ். அல்லது டபிள்யூ.பி.ஏ.3 வையுங்கள்.

5 கிகாஹேர்ட்ஸைப் பற்றியும் ஒரு சொல். ரவுட்டர் இருக்கும் அறையிலேயே வேலை செய்பவருக்கு அதைப்போல் ஒன்றில்லை. அங்கே அகலம் 80 வைக்கவும் இடமுண்டு. நான் ஒரு மாலை சனல் 52ஐத் தெரிந்து பார்த்தேன். ஒரு நிமிடம் 5 கிகாவின் பெயரே காணாமல் போய்விட்டது. பழுதல்ல. 52 முதலான நடுச் சனல்களில் ராடார்களுக்கே முன்னுரிமை. ரவுட்டர் குறைந்தது 60 செக்கன் காது கொடுத்துக் கேட்டு, ராடார் இல்லை என்று தெரிந்த பிறகே பேசும். பேசும்போது ராடார் கேட்டால் எழுந்து போய்விடும். வகுப்பு நடுவே அப்படி எழுந்து போகக்கூடாதல்லவா? 36க்குத் திரும்பினேன்.

ஜூன் 15
அன்ரனாக் குச்சிகளை எந்தப் பக்கம் திருப்புவது என்று கேட்டவருக்கு என் அப்பாவின் பதிலைத் தருகிறேன்.

எண்பதுகளில் எங்கள் வளவில் ஒரு நெடிய குழாய்க் கம்பத்தில் அன்ரனா நின்றது. அக்கரைத் தூரதர்ஷனைப் பிடிப்பதற்கு. சோளகம் தொடங்கினால் காற்று அதைத் திருப்பிவிடும். அப்பா வெளியே நின்று கம்பத்தை இரண்டு கையாலும் பிடித்து இம்மி இம்மியாகத் திருப்புவார். அம்மா உள்ளேயிருந்து, "வருகிறது, வருகிறது, நில்லுங்கள், போய்விட்டது" என்பார். சரியான இடம் வந்ததும் அப்பா கம்பத்தடியில் சுண்ணாம்பால் ஒரு கோடு போடுவார். பிறகு தொண்ணூறுகளில் மின்சாரமே இல்லாமல் போனது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டோம். செய்தி முடியும்வரை சுற்றவேண்டும். அந்தப் பத்து நிமிடத்தில் ஒரு சொல்லையும் தவறவிடாதபடி எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்போம்.

அப்பாவுக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. ரவுட்டரைப் பார்த்தவுடன், "குச்சியின் நுனியை ஏன் பின்னறைப் பக்கம் நீட்டி வைத்திருக்கிறாய்? நுனியிலிருந்து ஒன்றும் போகாது, பக்கவாட்டில்தான் போகும், நிமிர்த்தி வை" என்றார். அவர் சொன்னதே சரி. நேர்க்குச்சியின் அலை அதைச் சுற்றி வட்டமாகப் பரவும். நுனித் திசையில் ஆகக் குறைவு. ஒரே தள வீட்டில் நிமிர்த்தி வையுங்கள்.

ஜூன் 19
மைக்ரோவேவ் ஓய்ந்த பிறகும் வாரத்தில் இரண்டு மூன்று நாள் குரல் வெட்டுப்பட்டது. நேற்று பொறுமையிழந்து, நீளக் கம்பியை முற்றத்தின் குறுக்கே இழுத்து மடிக்கணினியில் செருகினேன். கம்பியிலும் வெட்டுப்பட்டது! அப்படியென்றால் இந்த மூன்று கிழமை நான் திருத்திக்கொண்டிருந்த வைஃபைக்கும் இந்தக் குறைக்கும் தொடர்பே இல்லை.

தங்கச்சி, போன் நிறையப் படங்களும் காணொளிகளுமாக, வேலையால் வீடு திரும்பும் நேரம் ஏழே முக்கால். வாசலில் கால் வைத்ததும் அவளுடைய போன் எல்லாவற்றையும் மேகச் சேமிப்புக்கு ஏற்றத் தொடங்குகிறது. எங்கள் இணைப்பில் மேலேறும் வேகம் 10 மெகாபிட்தான். அது நிரம்பியதும் ரவுட்டர் பொதிகளைத் தன் நினைவகத்தில் நீள வரிசையாக நிறுத்திவிடுகிறது. என் குரல் அந்த வரிசையின் கடைசியில் போய் நிற்கிறது. வெளியே போகும் பிங் 12இலிருந்து 700க்கு ஏறியது. "அக்கா, படம் ஏறுவதற்கும் உங்கள் வகுப்புக்கும் என்ன?" என்று கேட்டாள். திரையைக் காட்டினேன். போனை விமான நிலையில் போட்டாள். அடுத்த வரி 13.

தீர்வு அமைப்புப் பக்கத்தில் இருந்தது, வைஃபைப் பகுதியில் அல்ல. சேவைத் தரம் என்ற பகுதியில் மேலேறும் வேகத்துக்கு 8.5 மெகாபிட் என்று வரம்பு போட்டேன். உண்மை வேகத்தில் 85 சதவீதம். படங்கள் கொஞ்சம் மெதுவாக ஏறுகின்றன, வரிசை சேர்வதில்லை. பிங் 30ஐத் தாண்டவில்லை. தொடக்கத்திலேயே கம்பியைச் செருகிப் பார்க்கும்படி உங்களுக்கு எழுதினேன். என் குரலுக்கு அதை நேற்றுத்தான் செய்தேன்.

ஜூன் 23
கோண்டாவில்காரர் திரும்பி வந்து தன் அளவுகளை எழுதியிருக்கிறார். பின்னறையில் -82. ரவுட்டரை நகர்த்த இடமில்லை; நடுவே மூன்று சுவர்கள். ஐயா, அப்படியென்றால் எந்த எண்ணும் அந்தச் சுவரைத் துளைக்காது. சமிக்ஞைப் பெருக்கி வாங்கலாமா என்கிறீர்கள். பின்னறையில் வைத்தால் அது தேய்ந்துபோன சமிக்ஞையைத்தான் திரும்பச் சொல்லும்; ஒரே அலையில் கேட்டு அதே அலையில் சொல்வதால் வேகமும் ஏறத்தாழப் பாதியாகிவிடும்.

கம்பி இழுங்கள். ஈதர்நெட் கம்பி 100 மீற்றர் வரை போகும். உங்களுக்கு 20 போதும். கூரைக்குக் கீழாகக் கொண்டுபோவதானால் குழாய்க்குள் விடுங்கள்; அணிலும் எலியும் கடிக்கும். வெளியே வெயிலில் போகும் பகுதிக்கு வெளிப்புறத்துக்கென்று வரும் கறுப்பு உறைக் கம்பி வேண்டும். நுனி அடிப்பவரிடம் எட்டு இழைகளையும் அடிக்கச் சொல்லுங்கள். நான்கு இழையோடு 100 மெகாபிட் ஓடும், அதற்கு மேல் ஓடாது. மறு முனையில், அலுமாரி மேல் கிடக்கும் என்று சொன்னீர்களே, அந்தப் பழைய ரவுட்டரை, வைஃபை மட்டும் தரும் அணுகல் புள்ளியாக மாற்றிச் செருகுங்கள். அதன் முகவரி வழங்கும் வேலையை, அதாவது டி.எச்.சி.பி.யை, அணைத்துவிடுங்கள், ஒரு வீட்டில் அதை ஒருவர்தான் செய்யவேண்டும். முன்னதன் சனல் 1 என்றால் பின்னது 11. பெயரும் கடவுச்சொல்லும் இரண்டிலும் ஒன்றாக இருக்கட்டும். இரண்டின் வலுவையும் குறைத்து வையுங்கள். இல்லாவிட்டால் பின்னறைக்கு வந்த பிறகும் போன் விறாந்தை ரவுட்டரையே பிடித்துக்கொண்டிருக்கும்.

ஜூன் 27
கம்பி இழுத்துவிட்டாராம். பின்னறையில் 62. பீக்கன் 100லேயே இருக்கிறது.

ஜூன் 30
இன்று பகல் மூன்று மணி நேரம் மின்தடை. மின்சாரம் வந்ததும் சனல் வரைபடத்தைத் திறந்தேன். எதிர்வீட்டுக் கூடாரம் 11இல் இல்லை. 3இல் வந்து நிற்கிறது, எங்களோடும் மாமி வீட்டோடும் முட்டிக்கொண்டு. அவர்கள் ரவுட்டரில் சனலை மாற்றிவிட்டுச் சேமிக்காமல் விட்டிருக்கிறோம். அணைந்து எழுந்ததும் சனலைத் தானாகத் தெரிந்தெடுக்கும் நிலைக்குப் போய்விட்டது. எட்டு மணிக்கு வகுப்பு. மாமியின் மகனையும் கூட்டிக்கொண்டு இப்போதே போய் 11ஐப் போட்டு, சேமிப்பை அழுத்தி, ஒரு தடவை அணைத்து எழுப்பிப் பார்த்துவிட்டு வருகிறேன்.